உதிர்ந்த இறகா, பிடுங்கிய இறகா?

மாணவர்களே, திருவண்ணாமலை ரமணாசிரமத்திற்குச் சென்றவர்கள் அங்கு உலவும் மயில்களைப் பார்த்திருப்பீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைக் கொல்வது குற்றம். ஆனால் தானாக உதிர்ந்த தோகை இறகை உள்நாட்டில் விற்கலாம், ஏற்றுமதிதான் கூடாது. இலஞ்சம் நுழைவது இந்தச் சந்தில்தான். பரிசோதிப்பவர் பணம் பெற்றுக்கொண்டு தலையசைத்தால், கொன்று பிடுங்கிய இறகும் 'உதிர்ந்தது' ஆகிவிடும்.

நிறம் காட்டிக்கொடுக்காது. தோகையின் நீலம் ஒளிக் குறுக்கீட்டு விளைவால் தோன்றுவது. இரண்டிலும் அது ஒன்றே. காம்பின் அடியைப் பாருங்கள். பிடுங்கியதில் இரத்தச் சுவடு இருக்கக்கூடும். அடிக்காம்பை நறுக்கிய கட்டு வந்தால் ஐயம் கொள்ளவே வேண்டும்!

எனவே முடிவை ஒருவர் வாய்ச்சொல்லுக்கு விடலாகாது. பொதுத்தேர்வு விடைத்தாளில் உங்கள் எண்ணை மறைத்து, வேறு எண் இட்டுத் திருத்த அனுப்புகிறார்கள் அல்லவா? இறகு மாதிரியையும் அவ்வாறே வியாபாரியின் பெயரின்றி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். யாருடைய சரக்கு என்றே தெரியாதவருக்கு யார் இலஞ்சம் கொடுப்பது?