மக்காத ஊசிகள்

கோடை விடுமுறையில் டில்லியிலிருந்து நைனிடால், ராணிகேத், அல்மோரா பக்கம் போய்வரும் நம் குடும்பங்களில், மலைச்சரிவில் ஒருமுறையேனும் வழுக்கி விழாதவர் குறைவு. வழுக்குவது மண் அல்ல, சருகு. மூன்று மூன்றாகக் கொத்துச் சேர்ந்த, சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பைன் ஊசியிலைகள். உதிர்ந்த இந்த இலைக்குக் குமாவுன் மக்கள் வைத்திருக்கும் பெயர் பிருல்.

பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரையிலான வறண்ட நாட்களில்தான் இம்மரம் இலையைக் கொட்டுகிறது. பிறகு மழை பெய்தாலும் அது எளிதில் மக்குவதில்லை. ஊசியின் மேலே மெழுகுப் பூச்சு. உள்ளே பிசினும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும். தழைச்சத்தோ, அதாவது நைட்ரஜனோ, மிகக் குறைவு. பாத்திரத்தை நன்றாக வழித்துவிட்டுக் கழுவப் போடும் சிக்கனக்கார இல்லத்தரசி போல, உதிர்க்குமுன் மரமே அதில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது! சருகைத் தின்ன வரும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் வளரத் தழைச்சத்து வேண்டுமே. சருகில் கிடைக்காததை அவை மண்ணிலிருந்து எடுக்கின்றன. உரமாக வேண்டிய சருகு மண்ணிடமே கடன் வாங்குகிறது.

பக்கத்தில் வளரும் பாஞ்ஜ் எனும் ஓக் மரத்தின் கதை வேறு. அதன் அடியில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாது. கறுத்து, ஈரம் பிடித்திருக்கும். தழை மாட்டுக்குத் தீவனம். சருகு தொழுவத்தில் பரப்பப்பட்டு எருவாகி வயலுக்குப் போகும். பைன் பிடித்த இடத்தில் ஓக் மீண்டும் தலையெடுக்கத் திணறுவதற்கு இந்தத் தழைச்சத்துப் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டி, 1984-இல் ஜே. எஸ். சிங் உள்ளிட்ட மூவர் 'நேச்சர்' இதழில் எழுதினர்.

மீதியைத் தீ முடிக்கிறது. சேர்ந்து கிடக்கும் பிருலுக்கு ஒரு பீடித் துண்டு போதும். தடித்த பட்டையுள்ள முதிர்ந்த பைன் தப்பும். ஓக் கன்றுகள் கருகும். 2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்துப் பின்சர் காட்டில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்களில் நால்வர் அன்றே இறந்தனர்.

இதற்குப் பைனை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல என்பேன். பிசினுக்காகவும் ரயில் சிலீப்பர் கட்டைகளுக்காகவும் அதைப் பேணியது ஆங்கிலேயர் காலத்து வனத்துறை. புதுப் புல் முளைக்கட்டும் என்று ஊராரே தீ வைப்பதும் உண்டு. 2024 மே மாதம் உத்தராகண்ட் அரசு பிருலின் கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 3 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தது. செங்குத்துச் சரிவில் சுமந்து வருபவர்க்கு அது நியாயமான கூலிதான். ஆனால் அத்தனையையும் மழைக்கு முந்தைய சில வாரங்களுக்குள் அள்ளியாக வேண்டும்.