ஊசியை நிறுத்து, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று உங்க அம்மா போனில் ரொம்ப நேரம் பேசினாள். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லையென்று மருமகளை டாக்டர் மாற்றி டாக்டரிடம் கூட்டிப் போகிறீர்களாம். ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை எல்லாம் அந்தப் பெண்ணுக்கே. உனக்கு விந்துப் பரிசோதனை ஒன்றுகூட நடக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து நீ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். இரண்டும் வெவ்வேறு சங்கதி என்று அவள் நினைக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைக்கு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். போய்ச் சேருவது லேடிக் செல்களிடம். டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை இவைதான். எஃப்.எஸ்.எச். போவது செர்டோலி செல்களிடம். 1865-இல் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி இவற்றை விவரித்தார். விந்தணுக்களை மடியில் வைத்து வளர்க்கும் தாய் போன்றவை இவை. ஜி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை இவை சுரக்கின்றன. 2000-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் எலிகளில் அதைச் சோதித்தார்கள். அது குறைந்தபோது விந்தணுவின் மூல செல்கள் தீர்ந்துபோயின. மிகுந்தபோது மூல செல்கள் முதிராமல் குவிந்துகிடந்தன. அவ்வளவு நுணுக்கமான அளவு அது.

விந்தணு முதிர, விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். நீ ஊசி போட்டால் ரத்தத்தில்தான் அளவு ஏறும். அதைப் பார்த்து பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். லேடிக் செல்களுக்கு வேலை இல்லை. விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் வற்றிப்போகும். புஜம் ஏறும், விந்தணு இறங்கும், விரையும் சுருங்கும்.

உலக சுகாதார நிறுவனம், ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு ஆராய்ந்த முடிவு 1990-இல் வெளிவந்தது. எதற்காகப் போட்டார்கள் தெரியுமா? கருத்தடைக்காக. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு அடியோடு இல்லாமல் போனது. அதே மருந்தைத்தான் ஆண்மைக்கு என்று உனக்கு விற்கிறார்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர்.மௌட்கல் குழுவினர் நம்மூர் நாட்டுக் குரங்குகளில் எஃப்.எஸ்.எச்.சை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, விந்தணு குறைந்தது. மீசையையும் தோள்பட்டையையும் பார்த்து யாருடைய விந்தணுவையும் கணக்கிட முடியாது, மாப்பிள்ளை. ஆம்பளைக்கு என்ன குறை என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்.

பயப்படாதே. கருத்தடை ஆய்வுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றி 2006-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு விந்தணு எண்ணிக்கை மீண்டது. ஜிம்மில் பல மருந்துகளைக் கலந்து, அதிக அளவில் போட்டுக்கொண்டவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால் அடுத்த வாரமே பலனை எதிர்பார்க்காதே.

உங்க தட்டாஞ்சாவடி வீட்டிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான். திங்கட்கிழமையே போ. என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை மாதம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல். காலிக் குப்பி இருந்தால் எடுத்துப் போ. விந்துப் பரிசோதனைக்கு மாதிரி கொடுப்பதற்கு முன், கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும். ஒரு முடிவை வைத்து ஒன்றும் தீர்மானிக்க மாட்டார்கள், மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். சலிக்காதே. எச்.சி.ஜி. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று ஜிம்மில் சொல்வார்கள். அது எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும் மருந்துதான், ஆனால் அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் டாக்டர்.

இதையெல்லாம் முதலில் உன் மனைவியிடம் சொல். அவளுக்கு அடுத்து எழுதியிருக்கும் சோதனைகளை, உன் முடிவு வரும்வரை தள்ளிவைக்கலாமா என்று அவளுடைய டாக்டரையும் கேளுங்கள். அம்மாவிடம் பேசுவது கஷ்டமாக இருந்தால் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா