அண்ணாவையும் கவனியுங்கள்

கேள்வி: மகன் சிட்னியில் யூனிவர்சிட்டி போகிறான். நண்பர்களோடு இசைவிழாக்களுக்கும் போவான். மாத்திரை விழுங்கிப் பிள்ளைகள் இறந்த செய்தியைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. என் அண்ணாவோ, "எங்கட பிள்ளைகள் அப்படிப் போகமாட்டினம்" என்கிறார். அவருக்கு 52 வயது. முதுகுவலிக்கு எண்டோன் என்ற வலி மாத்திரை எடுக்கிறார். இரவில் தூக்க மாத்திரையும் உண்டு. அவர் சொல்வதை நம்பலாமா?
– ஒரு தாய், பெண்டில் ஹில்

பதில்: உங்கள் பயம் வீணானதல்ல. 2017 டிசம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையில் நியூ சவுத் வேல்ஸ் இசைவிழாக்களில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளை எடுத்து ஆறு பேர் இறந்தார்கள். எல்லோரும் 18 முதல் 23 வயதுக்குள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தவர் அண்ணாதான்.

2022-ல் ஆஸ்திரேலியாவில் 2,356 பேர் அளவுமீறிய மருந்தாலோ போதைப்பொருளாலோ இறந்ததாக மெல்பர்னிலுள்ள பெனிங்டன் நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலானவை தற்செயல் மரணங்கள். அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். இருபதுகளில் இருப்பவர்களைவிட நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்களே அதிகம். பழங்குடி மக்களிடையே இந்த மரண விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. நிலத்தையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு சமூகத்தின் காயம் அதில் தெரிகிறது.

ஓபியாய்டுகளுக்குத்தான் இந்த மரணங்களில் முதலிடம். ஹெராயினும் எண்டோனில் உள்ள ஆக்சிகோடோனும் இந்த ஒரே குடும்பம். மூச்சுவிடச் சொல்லும் மூளையின் கட்டளையை இவை மந்தமாக்கும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால், தூங்கும்போதே மூச்சு நின்றுவிடலாம். ஐஸ், எம்.டி.எம்.ஏ. போன்ற ஊக்கப் போதைப்பொருட்கள் வேறு விதமாகக் கொல்லும்: இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூளையில் இரத்தம் கசியும், உடல் சூடு கட்டுமீறும். அவற்றுக்கு மாற்று மருந்து கிடையாது.

ஓபியாய்டுக்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் மருந்துச்சீட்டு இல்லாமலே இலவசம். பார்மசியில் மூக்கு ஸ்ப்ரேயாகக் கேளுங்கள். அண்ணா எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, தொண்டையில் கரகரவென்று குறட்டை கேட்டால், முதலில் அவசர எண் 000-ஐ அழையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து ஒரு நாசியில் ஒருமுறை அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் மறு நாசியில் புதிய ஸ்ப்ரே. கண் விழித்தாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை தனியே விடாதீர்கள். நலோக்சோனின் வேகம் குறைந்ததும் மூச்சு மறுபடி அடங்கக்கூடும்.

எண்டோனைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு மாத்திரைகளையும் குடும்ப மருத்துவர் (ஜிபி) முன் வைத்து, எப்படிக் குறைக்கலாம் என்று கேட்கச் சொல்லுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450-இல் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மகனிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: நண்பன் சுருண்டு விழுந்தால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காமல் உடனே 000-ஐ அழைக்கட்டும்.