காத்திருப்பதும் ஆட்டமே

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறை அது. பாலிக் புலாவில் டுரியான் பருவம். சாலையோரக் கடைகளில் பழங்கள் குவிந்து கிடந்தன. எனக்கோ பழத்தில் நாட்டமில்லை. பல மாதங்களாகச் சேமித்த பணத்தில் வாங்கிய காணொளி விளையாட்டிலேயே மனம் கிடந்தது. அதன் பெயர் 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்'. அவ்வாண்டு ஜனவரியில்தான் அது வெளிவந்திருந்தது.

'டிராகன் பால்' சிறு வயதிலிருந்தே எனக்குப் பிடித்த கார்ட்டூன் தொடர். ஜப்பானிய ஓவியர் அகிரா தொரியாமா 1984இல் அதைச் சித்திரக் கதையாக வரையத் தொடங்கினார். 'மேற்குப் பயணம்' என்ற பழைய சீனக் கதையில் வரும் குரங்கு வீரன் சுன் வூகோங்கை முன்மாதிரியாகக் கொண்டே அதன் நாயகன் கோக்குவைப் படைத்தார். அந்தக் குரங்கு வீரனின் கதையைக் கேட்கும்போது நமக்கு அனுமன் நினைவுக்கு வருவார்.

புதிய விளையாட்டில் வீரர்கள் அனைவரும் முப்பரிமாண உருவங்களாகக் கணினியில் உருவாக்கப்பட்டவர்கள். எனினும், திரையில் பார்க்கும்போது கையால் வரைந்த கார்ட்டூனைப் போலவே தெரிவார்கள். ஆளுக்கு மூன்று வீரர்களைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும். எதிராளியின் மூவரையும் வீழ்த்துபவரே வெற்றியாளர்.

விடுமுறையைக் கழிக்க ஜார்ஜ்டவுனிலிருந்து பெரியம்மா மகன் வந்திருந்தார். நான் கோக்கு, கோஹான், பிக்கொலோ ஆகியோரைத் தேர்ந்தெடுத்தேன். ஆட்டம் தொடங்கியது.

இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் வீரன் எதிராளியை நோக்கி அம்புபோல் பாய்வான். தொடரில் பார்த்த அதே பாய்ச்சல்! ஆகவே, நான் மீண்டும் மீண்டும் பாய்ந்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணனின் வீரன் ஒரு கணம் பொறுத்து, மேல்நோக்கி ஒரு குத்து விட்டான். என் வீரன் தூக்கி எறியப்பட்டான். பத்து ஆட்டங்கள் ஆடினோம். பத்திலும் தோற்றேன்.

"நீங்கள் ஏதோ இரகசியப் பொத்தானை வைத்து ஏமாற்றுகிறீர்கள்!" என்று கத்தினேன். அண்ணன் பதில் பேசவில்லை. கையிலிருந்த கருவியை மேசைமீது வைத்துவிட்டு எழுந்து சென்றார். இரவில் அவர் பெரியம்மாவிடம் தொலைபேசியில், "நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன், அம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடியற்காலையில் தாத்தா தோட்டத்திற்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். மலைச்சரிவில் இருந்த சிறு குடிலில் இருவரும் அமர்ந்தோம். எங்கும் இருள்.

"ஏன் தாத்தா காத்திருக்க வேண்டும்? மரத்திலிருந்து பறித்துவிடலாமே?"

"பறித்தால் காய்தான் கிடைக்கும். முற்றிப் பழுத்தால் அதுவே விழும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்."

சிறிது நேரத்தில் 'தொப்' என்று ஓர் ஒலி கேட்டது. நான் துள்ளி எழுந்து ஓட முயன்றேன். தாத்தா என் கையைப் பற்றினார்.

"சத்தம் கேட்டதும் ஓடாதே. அடுத்த பழம் உன் தலையில் விழும். முதலில் மேலே பார். பிறகு போ."

அவர் டுரியானைப் பற்றித்தான் பேசினார். எனக்கோ நேற்றைய ஆட்டம் கண்முன் வந்தது. நான் பாய்ந்துகொண்டே இருந்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். இரகசியப் பொத்தான் எதுவும் அங்கே இல்லை.

வீடு திரும்பியதும் விளையாட்டின் பயிற்சிப் பகுதியைத் திறந்தேன். எதிராளியின் அசைவைப் பதிவுசெய்து, அதையே மீண்டும் மீண்டும் எதிர்கொள்ள அங்கே வசதி உண்டு. என்னுடைய பாய்ச்சலையே எதிராளிக்குப் பதிவுசெய்தேன். கீழ்த்திசையையும் வலுவான அடிக்கான பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் அந்த மேல்நோக்கிய குத்து வரும். திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. சற்று முந்தினாலும் பிந்தினாலும் குத்து தவறிவிடும். பலமுறை தவறியது. பிறகு மெல்லக் கைக்கு வந்தது.

அண்ணன் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நேற்று நான் சொன்னது தவறு. நீங்கள் ஏமாற்றவில்லை. நான்தான் அவசரப்பட்டுத் தோற்றேன். என்னை மன்னித்துவிடுங்கள்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர் பையை ஓரமாக வைத்தார். "சரி வா, ஓர் ஆட்டம் ஆடலாம்."

அந்த ஆட்டத்திலும் நான் தோற்றேன். ஆனால், ஒருமுறை அண்ணனின் வீரன் பாய்ந்து வந்தபோது நான் அசையாமல் பொறுத்திருந்தேன். சரியான கணத்தில் குத்தினேன். அவன் உயரே பறந்தான். என்னைவிட அண்ணன்தான் உரக்கச் சிரித்தார்.

"அடேயப்பா! இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"தாத்தாதான்!"

டுரியானைப் பிளந்துகொண்டிருந்த தாத்தா நிமிர்ந்து, "நானா?" என்றார்.

சொற்பொருள்
நாட்டம் – விருப்பம்
எதிராளி – எதிர்த்து ஆடுபவர்
குடில் – சிறு குடிசை
காதைத் தீட்டிக்கொண்டு – மிகக் கவனமாகக் கேட்டு

சிந்தித்து விடையளித்திடுக
1. கதைசொல்லி பத்து ஆட்டங்களிலும் தோற்றதற்குக் காரணம் என்ன?
2. "முதலில் மேலே பார். பிறகு போ." தாத்தாவின் இக்கூற்று விளையாட்டுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
3. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்காமல் பயிற்சி மட்டும் செய்திருந்தால் கதை எவ்வாறு முடிந்திருக்கும்? உமது கருத்தை எழுதுக.