எண்ணெய் ஊற்றினால் சினை பிடிக்குமா?

பழைய ரப்பர் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் செம்மறி வளர்க்கிறோம். செம்பனைப் புண்ணாக்கில் சமையல் எண்ணெயும் ஊற்றினால் சீக்கிரம் சினை பிடிக்குமாமே? – வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

எண்ணெய் அடுப்படியிலேயே இருக்கட்டும், அம்மா! புண்ணாக்கைப் பிசைந்து பாருங்கள், விரல் மினுக்கும். ஆலையில் பிழிந்த பிறகும் அதில் எண்ணெய் தங்குகிறது. தீவனத்தில் கொழுப்பு 5, 6 விழுக்காட்டைத் தாண்டினால் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிடும்; ஆடு தீனி எடுக்காது.

கேள்விப்பட்டதில் பாதி உண்மை. கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். சினையைக் காக்கும் புரோஜெஸ்டெரோன் உருவாவது அதிலிருந்துதான். அதற்குக் கால்சியத்தோடு சேர்த்துக் கட்டிய செம்பனைக் கொழுப்புத் தீவனம் இருக்கிறது. அது பெரும்பாலும் முதல் வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்விடும்.

செம்மறிக்கு நிஜ வில்லன் அந்தப் புண்ணாக்கிலுள்ள செம்பு. மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்து, ஒருநாள் கண் மஞ்சளிக்கும், சிறுநீர் சிவக்கும். அதுவரை வந்தால் பிழைப்பது கடினம். புண்ணாக்கைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.