டர்போ நட்டுகள் கழலாமல் இருக்க…

திண்டிவனத்தில் லாரி மெக்கானிக்காக இருக்கிறேன். திருவக்கரைப் பக்கம் ஜல்லி ஏற்றும் டிப்பர்களும் வரும், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு ஓடும் லாரிகளும் வரும். டர்போ நட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டும் கழன்று வருவது டிப்பர்களில்தான் அதிகம். “ரோடு அப்படிண்ணே, குலுக்குற குலுக்கல்ல எதுதான் நிக்கும்?” என்பார்கள் டிரைவர்கள். குலுக்கலுக்கும் பங்கு உண்டுதான். ஆனால், பெரிய காரணம் சூடு ஏறி இறங்குவது. திருச்சி லாரி ஏறிய சூட்டிலேயே மணிக்கணக்கில் ஓடும். டிப்பர் குவாரிப் பள்ளத்திலிருந்து முழு லோடோடு முக்கி ஏறும், கிரஷர் வரிசையில் நின்று ஆறும், மறுபடியும் ஏறும்.

அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடானால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சிலிண்டர் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் அது அந்த அளவுக்குச் சூடாவதும் இல்லை, நீள்வதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சூட்டுக்கும் மேனிஃபோல்டு ஹெட்டின் மேல் பக்கவாட்டில் நகர்ந்து, ஆறும்போது திரும்புகிறது. இந்தப் பக்கவாட்டு அசைவுதான் நட்டைச் சுழற்றிக் கழற்றும் என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே சோதனை செய்து காட்டினார்.

நட் சுற்றாமலும் இறுக்கம் போகும். நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிறது. அந்த நீட்சிதான் பிடிப்பு. 25 மி.மீ. பிடிப்பு நீளமுள்ள ஸ்டட் நல்ல இறுக்கத்தில் நீள்வது சுமார் 0.05 மி.மீ.தான். இடையில் இருக்கும் பழைய கரியும் துருவும் பெயின்டும் அந்த அளவு அமுங்கினாலே பிடிப்பு காலி. அதனால் ஸ்பானரில் பைப் போட்டு இறுக்குவது தீர்வாகாது. ஸ்டட்டின் நீட்சியைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதற்கு நான் கடைப்பிடிப்பவை இவை:

1. ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் கரியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, நேர்விளிம்புக் கட்டையை வைத்து ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்ட பிறகே பூட்டுவேன். கேஸ்கட் எப்போதும் புதிது.

2. சூட்டில் கிடந்து நீண்டுபோன பழைய ஸ்டட்டை நட்டோடு சேர்த்தே மாற்ற வேண்டும். ‘பலமா இருக்கும்’ என்று 12.9 ஆலன் போல்ட் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பலம் குளிர்ந்த இடத்தில்தான். டர்போ சூட்டில் அது தளர்ந்துவிடும். கம்பெனி சொல்லும் வெப்பம் தாங்கும் ஸ்டட்டே சரி.

3. கம்பெனியே நட்டுக்கு அடியில் ஸ்லீவ் கொடுத்திருந்தால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. பிடிப்பு நீளம் இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்காகும். கொஞ்சம் அமுங்கினாலும் இறுக்கம் மிஞ்சும்.

4. ஸ்பிரிங் வாஷர் இந்தச் சூட்டில் விறைப்பை இழந்து வெறும் வளையமாகிவிடும். நைலாக் நட்டின் நைலான் 120 டிகிரிக்கு மேல் தாங்காது. மரையைப் பூட்டும் சாதாரணப் பசைகளுக்கு எல்லை 180 டிகிரி வாக்கில். முழுதும் உலோகத்தாலான லாக் நட்டோ, மடித்துவிடும் லாக் தகடோதான் இங்கே நிற்கும். ஒருமுறை மடித்த தகட்டைத் திரும்ப மடிக்காதீர்கள்.

5. நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போய், மூன்று சுற்றில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மரைக்கு ஆன்டி-சீஸ் தடவினால் உரசல் குறையும். அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும். ஆகவே மேனுவலில் உள்ள டார்க் உலர்ந்த மரைக்கா, தடவிய மரைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் லோடு ஓடி இன்ஜின் முழுதாக ஆறிய பின் ஒருமுறை சரிபார்க்கலாம். சூட்டோடு கை வைக்கக் கூடாது.

6. சைலன்சர் பைப்பின் பிராக்கெட்டையும் நெளிபைப்பையும் பார்க்காமல் வண்டியை அனுப்பாதீர்கள். பிராக்கெட் உடைந்தால் பைப்பின் கனம் முழுதும் டர்போவில் தொங்கும். எத்தனை புது நட் போட்டாலும் மறுபடி கழலும்.

டிரைவர் தம்பிகளுக்கும் சில வார்த்தை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்தால் அது சரியாகிவிட்டதாக எண்ணாதீர்கள். மேனிஃபோல்டு விரிந்து ஓட்டையை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு தெரிகிறதா, ஏற்றத்தில் இழுவை குறைந்து கரும்புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். லோடோடு வந்து நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான இன்ஜினில் வாட்டர் சர்வீஸ் வேண்டவே வேண்டாம். மேனிஃபோல்டே விரிசல் விட்டுவிடலாம்.

கசியும் புகை பக்கத்திலிருக்கும் ஒயரையும் டீசல் பைப்பையும் சுட்டால் வண்டியே தீப்பிடிக்கும். கேபினுக்குள் புகுந்தால் தூங்கும் கிளீனரின் உயிருக்கு ஆபத்து. அதனால் கரிக்கோடு தெரிந்த அன்றே பட்டறைக்கு வாருங்கள். ஸ்டட், நட், கேஸ்கட்டுக்கு ஆகும் செலவு புது டர்போவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.