அக்காள் பிள்ளை: கடல் கடந்து ஒரு தத்து

திருப்பதிக்குப் போகிற நம்மவர்கள் மலையேறி இறங்கி, திருச்சானூரில் தாயாரைச் சேவித்துவிட்டு ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் பேரூர்க் குன்றின்மேல் வகுளமாதா கோயில் இருப்பது பலருக்குத் தெரியாது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 2022இல்தான் குடமுழுக்குக் கண்டது. தலபுராணப்படி சீனிவாசனைப் பெறாமல் வளர்த்த தாய் வகுளமாலிகை. திருச்சானூர்த் தாயார் பத்மாவதியும் ஆகாசராஜன் உழுத நிலத்தில் தாமரையில் கண்டெடுத்து மகளாக வளர்த்தவள். மாப்பிள்ளை வீட்டிலும் வளர்ப்புத் தாய், பெண் வீட்டிலும் வளர்ப்புத் தந்தை. அந்தத் திருமணத்தைத்தான் இன்றும் ஊர் கூடிக் கொண்டாடுகிறோம்.

ஆனாலும் நம் வீடுகளில், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று குழந்தையைக் கேலி செய்யும் பழக்கம் போகவில்லை. பிள்ளை தங்காத வீட்டில் குழந்தையை இன்னொருவரிடம் கொடுத்து, தவிடு தந்து திரும்ப வாங்கும் சடங்கிலிருந்து வந்த பேச்சு அது. தத்துப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் கேலி எப்படித் தைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் பாடத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். தம்பி அமெரிக்காவில் வேலை செய்து குடியுரிமையும் பெற்றுவிட்டார். அக்காளும் அத்தானும் சாலை விபத்தில் மறைந்துவிட்டார்கள். நான்கு வயதுப் பெண் குழந்தை எழுபது வயதுப் பாட்டியிடம் இருக்கிறது. "நாம் கூட்டி வந்துவிடலாம்" என்று தம்பி மனைவியே முதலில் சொல்கிறாள். நல்ல மனிதர்கள், பிள்ளையும் சொந்தப் பிள்ளை. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

ஊரில் பெரியவர் ஒருவர் வழி சொல்வார்: "சார்பதிவாளர் ஆபீசில் ஒரு தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் முடிந்தது." பிள்ளைக்குத் தீங்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி குழந்தையைக் கொடுக்கும் உரிமை தாய்க்கும் தந்தைக்கும் உண்டு. இருவரும் இல்லையென்றால் காப்பாளர் கொடுக்கலாம். அதற்கும் நீதிமன்ற அனுமதி முன்கூட்டியே வேண்டும். பாட்டி கைநாட்டு வைத்த பத்திரம் அந்தச் சட்டத்துக்கே போதாது. அதோடு, அச்சட்டப்படி மகள் உள்ளவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது; மகன் விஷயத்திலும் அப்படியே.

சரி, பத்திரம் குறையில்லாமலே இருக்கட்டும். அமெரிக்காவில் ஹேக் உடன்படிக்கை 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் வரிசைப்படி வராத தத்துக்கு விசா கிடைக்காது. முதலில் தத்து, பிறகு விசா என்பது நம் எண்ணம். உடன்படிக்கையோ முதலில் பெற்றோரின் தகுதி, பிறகு இரு நாடுகளின் சம்மதம், கடைசியில்தான் தத்து என்கிறது. வரிசை மாறினால், குழந்தை சட்டப்படி உங்கள் மகளாகவும் ஆண்டுக்கணக்கில் பாட்டியின் திண்ணையிலுமாக இருப்பாள். பாட்டிக்கு வயது நிற்காது. அமெரிக்காவில் பச்சை அட்டை மட்டும் உள்ளவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஹேக் வழியில் மனுச் செய்யக் குடியுரிமை வேண்டும். இதை டிக்கெட் வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. பழைய கதைகளைப் படித்த பிறகுதான் தணிந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியக் குழந்தைகள் வெளிநாடு போனபோது பெரும்பாலும் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி வெறும் காவலில்தான் போனார்கள். தத்து அங்கே போனபின் நடக்க வேண்டும். நடந்ததா என்று பார்ப்பார் இல்லை. லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி 1984 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். குழந்தைக்கு முதலில் தன் நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும், வெளிநாட்டுப் பெற்றோரின் வீட்டை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும், பணம் கைமாறக் கூடாது என்ற நெறிகள் அப்போது வந்தவை. 1990இல் காரா எனப்படும் மத்திய தத்துவள நிறுவனம் அமைந்தது. 1993இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. அதை முதலில் உறுதிசெய்த மூன்று நாடுகளில் ஒன்று இலங்கை. எண்பதுகளில் தன் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக ஐரோப்பாவுக்குப் போனதைக் கண்ட நாடு அது. இந்தியா 2003இல் சேர்ந்தது.

நெறிகள் வந்தும் குற்றம் நிற்கவில்லை. ஒன்றுபட்ட ஆந்திராவில் 1999இலும் 2001இலும் ஐதராபாத்தைச் சுற்றிய சில காப்பகங்களுக்கு, ஏழை லம்பாடிக் குடும்பங்களின் பெண் சிசுக்கள் தரகர்கள் மூலம் சொற்பப் பணத்துக்கு வந்தது வெளிப்பட்டது. பெற்றோரே காப்பகங்களிடம் குழந்தையை ஒப்படைப்பதை 2001இல் மாநில அரசு தடை செய்தது. 2005இல் நம் சென்னையிலேயே, தெருவோரத்திலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள் ஒரு நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போனது தெரியவந்தது. வளர்த்த பெற்றோருக்கு எதுவும் தெரியாது. பெற்ற தாய் ஆண்டுக்கணக்கில் தேடியலைந்தாள். அந்தத் தாயை நினைத்தால் ஒரு முத்திரைக்காக மூன்று மாதம் காத்திருப்பது பெரிதாகத் தோன்றாது.

திருப்பதிக்கு இது இன்னும் பொருந்தும். யாத்திரைக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைக்கும், கைவிடப்பட்ட பிள்ளைக்கும் முதல் நாளில் வித்தியாசம் தெரியாது. ரயில் நிலையத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் தாய் அடுத்த பிளாட்பாரத்தில் அழுதுகொண்டிருக்கலாம். அதனால்தான் குழந்தையை முதலில் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துகிறார்கள், செய்தித்தாளில் அறிவிக்கிறார்கள், காவல்துறை தேடுகிறது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு நான்கு மாதமும் கெடு உண்டு. பெற்றவர் மனமறிந்து ஒப்படைத்தால், மனம் மாற 60 நாள். அதன்பிறகே, தத்துக்கு உரிய குழந்தை என்று குழு அறிவிக்கும். தேவஸ்தானத்தின் பாலமந்திர் போன்ற இல்லங்களில் நிறையப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இவர்களில் ஒருவரைத் தரமாட்டார்களா" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லத்தில் வளரும் பிள்ளைகள் எல்லாரும் தத்துக்குரியவர்கள் அல்லர். பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார். வறுமையால் அங்கே படிக்கிறார்கள்.

இனி நம் தம்பி குடும்பம் போகவேண்டிய வழி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் உறவுக்குள் நடக்கும் வெளிநாட்டுத் தத்துக்கு 60ஆம் பிரிவில் தனி இடம் தந்திருக்கிறது. இச்சட்டம் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாருக்கும் பொது. ஆனால் 'உறவினர்' என்றால் யார்? பெற்றோரின் உடன்பிறந்தவர்களும், இருவழித் தாத்தா பாட்டியும்தான். தாய்மாமன் வருகிறார், நம் தம்பிக்குக் கவலையில்லை. ஒன்றுவிட்ட அண்ணனும் பங்காளியும் வரமாட்டார்கள். நம் பேச்சில் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் என் மகளேதான். சட்டத்தின் கணக்கில் அவள் வேற்றுப் பிள்ளை. இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு வருத்தம் வரும், என்ன செய்வது!

முதல் வேலை தாங்கள் வாழும் நாட்டில். காராவின் அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனத்தையோ அந்நாட்டு மைய அதிகாரத்தையோ அணுக வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் சேராத நாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், மணவாழ்க்கை எல்லாம் கேட்டு வீட்டு ஆய்வறிக்கை எழுதுவார். அது காராவின் கணினிப் பதிவில் ஏறும். அடுத்தது சித்தூரில்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்கள் பாட்டி வீட்டுக்குப் போய், குடும்ப மரம் வரைந்து, உறவு உண்மைதானா என்று விசாரித்து அறிக்கை தருவார்கள். பெற்றோர் இல்லாததால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். ஐந்து வயது கடந்த பிள்ளையானால் அவளுடைய சம்மதமும் வேண்டும். பின்பு தத்து ஆணை. முன்பு நீதிமன்றம் தந்தது. 2022 செப்டம்பர் முதல் கலெக்டர் தருகிறார். அதன் பின்னும் காராவின் ஆட்சேபணையில்லாச் சான்று, ஹேக் இசைவுச் சான்று, பாஸ்போர்ட், விசா என்று வரிசை நீளும்.

எந்தக் கலெக்டர் என்பதிலும் ஒரு நுணுக்கம். 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டம் ஆனது. சந்திரகிரியிலும் காளஹத்தியிலும் அதற்குமுன் பிறந்த பிள்ளைகளின் சான்றிதழில் சித்தூர் மாவட்டம் என்றிருக்கும். இப்போது போகவேண்டியதோ திருப்பதிக் கலெக்டரிடம். குப்பத்துப் பிள்ளைக்குச் சித்தூர். சான்றிதழ் தெலுங்கில், பாட்டியின் ரேஷன் அட்டையில் பெயர் வேறு எழுத்தில், அக்காளின் இனிஷியல் இன்னொரு மாதிரி என்று வருவது சகஜம். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். தொடக்கத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

"கொஞ்சம் செலவழித்தால் சீக்கிரம் முடியும்" என்று எவராவது சொன்னால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். குறிக்கப்பட்ட கட்டணத்துக்கு ரசீது உண்டு; அதற்கு மேல் நன்கொடை என்ற பெயரிலும் கொடுக்கக் கூடாது. நடைமுறையை மீறிய தத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

சங்கம் இதில் என்ன செய்யலாம்? ஆய்வறிக்கைக்கு அக்குடும்பத்தை அறிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும். புகழுரை வேண்டாம். அவர்கள் வீட்டில் உங்கள் பிள்ளையை விட்டுச் சென்ற நாட்களைப் பற்றி எழுதுங்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்த அன்பர் நம்மிடையே நிச்சயம் உண்டு. பத்திரங்களைப் படித்துச் சொல்லலாம். ஊருக்குப் போகும் எவரேனும் பாட்டியைப் பார்த்துவிட்டு வரலாம். குழந்தை வந்த முதல் மாதம் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். சமைத்த சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தால் போதும். வந்தபின் இரண்டு ஆண்டுகள் சமூகப் பணியாளர் வருவார், அறிக்கை காராவுக்குப் போகும். முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று. அதைக் கண்டு "ஏதோ பிரச்சினையாம்" என்று வதந்தி கிளப்பாமல் இருப்பதும் உதவிதான்.

முறை விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நேற்றுவரை மாமா, இன்று அப்பா. மாமன் மகன் நம் பக்கத்தில் முறைப்பிள்ளை. இனி அவன் உடன்பிறந்த அண்ணன். பாட்டியோ சித்தியோ பழைய நினைவில் "உன் முறை மாப்பிள்ளை" என்று விளையாட்டாய்ச் சொல்லிவிடுவார்கள். குழந்தை குழம்பும். காதுகுத்துக்கு யார் மடியில் உட்காருவது என்ற கேள்வியும் வரும். தம்பி மனைவிக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவரே இனி தாய்மாமன். "அப்பா" என்று உடனே கூப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். மாமா என்றே ஒரு வருடம் கூப்பிட்டால் கூப்பிடட்டுமே. இறந்த அக்காளின் படத்தை ஒளித்து வைக்காதீர்கள். தவிட்டுப் பேச்சையும், "சொந்தப் பிள்ளையா?" என்ற கேள்வியையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தடுத்துவையுங்கள்.

கடைசியாக மொழி. சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசினாலும் தெருவிலும் அங்கன்வாடியிலும் தெலுங்குதான். அழும்போது எந்த மொழி வரும் என்று சொல்ல முடியாது. விமானம் ஏறுமுன் இந்தச் சில சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். ஆகலி என்றால் பசி. நீள்ளு தண்ணீர், பாலு பால், அன்னம் சோறு. நித்ர தூக்கம். நொப்பி என்றால் வலி. எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பயம் இரண்டு மொழியிலும் பயமே. இரவில் "அவ்வ காவாலி" என்று அழுதால் பாட்டி வேண்டும் என்று பொருள். அங்கே அப்போது பகலாக இருக்கும். உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கொடுங்கள்.